கதிருக்குக் குறுக்கே

"யோவ் மொட்டை, மறுபடியும் ஏன்யா எந்திரிச்சே?"

இயக்குநர் கையிலிருந்த மைக்கை வீசாத குறை. விண்கலத்துக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அட்டையும் வண்ண விளக்கும் வைத்து டிவி தொடருக்காகப் போட்ட விண்கலம் அது. கதாநாயகன் கதிர்த் துப்பாக்கியால் சுடுவார். பட்டன் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் துணை நடிகை, எல்லோருக்கும் 'அக்கா', நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். கதிரையும் புகையையும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் காட்சி.

ஆனால் ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியில் இருந்த துணை நடிகர் மொட்டை குறுக்கே பாய்ந்து, அக்காவுக்குப் பதில் தான் செத்து விழுந்தார்.

உதவி இயக்குநர் ஓடி வந்தாள். துணை நடிகர்களைக் கட்டி மேய்ப்பது அவள் பொறுப்பு. கதாநாயகன் வேறு விமானத்துக்கு நேரமாகிறது என்று முறைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொதப்பினால் அவள் சீட்டும் கிழிந்துவிடும்.

மொட்டையைத் தனியே இழுத்துப்போய்க் கெஞ்சினாள், மிரட்டினாள். அவரும் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினார்.

கடைசித் தடவையும் பாய்ந்தார். கை காலை உதறி, கண்ணைச் செருகி, அப்படியொரு சாவு. கதாநாயகன் துப்பாக்கியை மேஜையில் போட்டுவிட்டுக் காருக்கு நடந்தார்.

"தொலையட்டும். இதையே வச்சுக்கலாம்," என்றார் இயக்குநர்.

அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அவள் முகத்துக்கு நேராகக் கேமரா வந்ததாம். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். அதையும் பிடுங்கிக்கொண்டவன் உருப்படுவானா என்றாள். மொட்டை தரையிலிருந்து எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டார்.

அவள் நகர்ந்ததும் உதவி இயக்குநர் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சியைக் காட்ட அவ்வளவு ஆசையாண்ணே? கதிர் பட்டுச் சாம்பலானவன் அடுத்த வாரம் காபி குடிக்கிறான்னு போன மாசம் ஊரே சிரிச்சுது. செத்தவங்களை இனிமே கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நாளையிலேர்ந்து உங்களுக்கு இங்க வேலை இல்ல."

"தெரியும் மேடம். காலையில நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு."

"தெரிஞ்சுமா?"

செத்தால் வேலை போகும் என்பதை அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. சொன்னால் அழுவாள், காட்சி கெடும் என்றுதான் உதவி இயக்குநர் மறைத்திருந்தாள்.

மொட்டை வெள்ளி அங்கியைக் கழற்றிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தார். அக்கா இன்னும் அவரைத் திட்டியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"நான் எந்தப் படத்துலயாவது கூட்டத்தோட கூட்டமா ஓடிப் பொழைச்சுக்குவேன். அவளுக்கு உட்கார்ந்தே பாக்குற வேலை இந்தக் கப்பல்ல மட்டுந்தானே மேடம் இருக்கு."