தரைக்கு அடியில்

பக்கவாதம் வந்து படுத்த அருளானந்தம், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டதென்று மனைவி பிலோமினா எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். சுவரில் ஓதம் ஏறிய பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் தண்ணீர்ச் சத்தத்தைக் காட்டும் கருவியைத் தரையில் வைத்து ஒவ்வொரு அறையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கட்டிலருகே நின்றார்.

“இங்கதாங்க. ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கு.”

கான்கிரீட்டை உடைத்து, விரிசல் விட்ட குழாயை மாற்றிப் பூசிவிட்டுப் போனார். பிலோமினா தூசியைக் கூட்டி, கணவரைத் தூக்கி அடுத்த அறையில் படுக்கவைத்தாள். அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

“வாசல்ல நம்ம ஜெரால்டு நிக்கிறான்” என்றார் அருளானந்தம்.

சண்டை போட்டுக்கொண்டு போன மகன் எங்கே இருக்கிறான் என்றே அவர்களுக்குத் தெரியாது. பேசாமல் தூங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்ல நடந்து, தாழ்ப்பாளை விலக்கினாள்.