குளிர் வரும் வழி

"அகலமான ஒட்டுற டேப் இன்னும் ரெண்டு சுருள் குடு பெவர்லி," என்றார் டெரிக்.

பெவர்லி கூடையைப் பார்த்தாள். இங்கிலாந்திலிருந்து வரும் டீ பேக், பன்றிக்கறி சாஸேஜ், கஸ்டர்ட் பவுடர். எல்லாம் வழக்கம்போல இரண்டு பேருக்கான சாமான்கள். ஆனால் வாங்க வந்தவர்தான் வழக்கமாக வருபவர் இல்லை. ஸ்பெயினின் அந்தக் கடற்கரையில் பெவர்லி இந்த இங்கிலீஷ் கடையைத் திறந்த நாளிலிருந்து, வாரம் தவறாமல் வந்து அரட்டை அடித்துவிட்டுப் போவது டெரிக்கின் மனைவி ஐரிஸ்தான்.

"போன மாசம்தானே டேப் வாங்கினீங்க?"

"அது ஹாலுக்கு. இது படுக்கையறைக்கு."

"ஐரிஸ் எங்கே? புது வருஷத்துக்கு அப்புறம் ஆளையே காணோமே?"

"தலைவலி. எந்நேரமும் தூங்குறா. நான்தான் டீ போட்டுக் குடுத்துப் பாத்துக்கறேன்."

பெவர்லிக்குச் சுருக்கென்றது. டெரிக்குக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"இந்த ஊர் டாக்டரா? அவன் பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவனுக்குப் புரியாது. டாக்டரெல்லாம் வேணாம்!" டெரிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பணத்தை வைத்துவிட்டு, டேப்பைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஐரிஸ் இதே கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு சொன்னது பெவர்லியின் காதில் ஒலித்தது. 'ஊருக்கே, லீட்ஸுக்கே திரும்பிப் போய் மகளோட இருக்கலாம்னேன். நீ இந்த வீட்டை விட்டு எங்கேயும் போக முடியாதுன்னு கத்தறார். இப்பல்லாம் அவர் முகத்தைப் பாக்கவே பயமா இருக்கு.'

பெவர்லி வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் நைஜல் வெகுநேரம் கழித்து எடுத்தான்.

"என்ன? தலை வெடிக்குது, தூங்க விடு."

"நேத்து எத்தனை கிளாஸ் உள்ளே போச்சு?"

"ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணு எவ்வளவு உயரம்? சரி, அதை விடு. டெரிக் ஐரிஸுக்கு ஏதோ பண்றார் நைஜல். எனக்கு பயமா இருக்கு."

"ராத்திரி கொலைக் கதை பாக்கறதை முதல்ல நிறுத்து," என்று குழறிவிட்டு வைத்துவிட்டான்.

மனசு கேட்கவில்லை. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். ஜனவரிக் காற்று முகத்தில் அறைந்தது. வெயிலுக்கென்றே கட்டிய வீடுகள், உள்ளே வெளியைவிடக் குளிரும். டெரிக் வீட்டில் எல்லா ஜன்னல் ஷட்டரும் இறக்கி மூடியிருந்தது.

நாலு முறை மணி அடித்த பிறகு கதவு ஒரு சாண் திறந்தது.

"அவ தூங்குறா. அப்புறமா வா."

"தூங்கற மூஞ்சியைப் பாத்துட்டுப் போறேன்," என்று பெவர்லி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

படுக்கையறை கதகதப்பாக இருந்தது. மூலையில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஐரிஸ் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். கன்னம் மட்டும் சின்னப் பெண்ணுக்குப்போலச் சிவந்திருந்தது. உலுக்கினாள், கூப்பிட்டாள், கண் திறக்கவில்லை. தலைமாட்டில் பாதி குடித்த டீ.

பெவர்லி கோப்பையை எடுத்து முகர்ந்தாள்.

"இதுல என்ன கலந்தீங்க?"

"பால்," என்றார் டெரிக் விழித்தபடி.

"பொய் சொல்லாதீங்க! கொலைகாரப் பாவி!" என்று கத்திவிட்டு அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கோப்பையை மட்டும் கீழே வைக்கவே இல்லை. போலீஸ் வந்தால் காட்ட வேண்டுமே.

ஆம்புலன்ஸில் வந்த இளம்பெண் அந்தக் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலேயே அவள் இடுப்பில் இருந்த கருவி கீச்கீச்சென்று அலறத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தாள், ஹீட்டரை அணைத்தாள். பிறகு மண்டியிட்டு, சுவரின் அடியில் வரிசையாக ஒட்டியிருந்த டேப்பைப் பரபரவென்று கிழித்தாள். உள்ளே கையகலத்தில் ஒரு கம்பி வலை.

"காத்து போறதுக்குன்னு வெச்ச ஓட்டை இது. இதை யார் அடைச்சது?" என்றாள் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

"குளிர் வந்துச்சு, நான்தான் அடைச்சேன்," என்றார் டெரிக். "ஐரிஸ் குளிர் தாங்க மாட்டா."

"கேஸ் எரியற வீட்டுல இதை அடைச்சா விஷக்காத்து உள்ளேயே நின்னுடும். வாசனைகூட வராது. தலைவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா ரெண்டு பேருமே எழுந்திருக்க மாட்டீங்க."

முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்து, கூட வந்தவர்கள் ஐரிஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் அவள் கண் மெல்லத் திறந்தது. டெரிக் குழந்தைபோல விசும்பி அழுதார்.

"எனக்கென்ன தெரியும்? இங்கிலாந்துலேர்ந்து வந்த டேப், நல்லா ஒட்டும்னு பெவர்லிதானே சொன்னா. 'குளிர் வரும் வழியை அடையுங்கள்'னு கடையில பலகையே எழுதி வெச்சிருக்கா. நம்ம ஜனங்க எல்லாரும்தான் வாங்கிட்டுப் போனாங்க."

ஆம்புலன்ஸ் பெண் சட்டென்று திரும்பினாள். "வேற யார் வீட்டுல ஒட்டியிருக்காங்க? சீக்கிரம் சொல்லுங்க!"

பெவர்லியின் காதில் ஏற்கெனவே போன் இருந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"முதல் சுருளை எங்க வீட்டுலதான் ஒட்டினேன்."