பன்னிரண்டாவது தலை

குராசே குலத்துக் கோட்டையில் ஓகினுவுக்குத் தலை கழுவும் வேலை. போரில் வெட்டிய மியாபே குலத்தாரின் தலைகளைக் கழுவி, முடி சீவி, பெயர்ச்சீட்டுக் கட்டினால்தான் பிரபு பார்வையிடுவார். அன்று காலை பதினொரு தலைகள் வந்தன. கழுவி முடித்தபோது பன்னிரண்டு இருந்தன.

பன்னிரண்டாவது, அவள் புருஷன் யாஹெய்யுடையது.

யாஹெய்யோ வாசலில் நின்று கவசம் மாட்டிக்கொண்டிருந்தான். "ஏன்டி, நேத்து நான் கொண்டாந்த தலைக்குப் பல்லுல கொஞ்சம் கறுப்பு தடவேன். பெரிய எடத்து ஆளுன்னு நெனச்சு எசமான் பரிசைக் கூட்டிக் குடுப்பாரு."

"இன்னிக்குப் போகாதீங்க."

"மியாபேக்காரனை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

சிரித்தபடி போய்விட்டான்.

மேற்பார்வையாளர் வந்தார். "இதுக்குச் சீட்டு எங்கம்மா? பேரில்லாம எசமான் முன்னாடி வைக்க முடியாது."

புருஷன் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை. "ஓகினு" என்று எழுதிக் கட்டினாள். அவர் படித்துவிட்டு எடுத்துப் போனார்.

சாயங்காலம் யாஹெய் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பினான். ஓகினு ஓடிப்போய் அவன் கவசத்தின் முடிச்சை அவிழ்த்தாள். தானாக அவிழ்ந்த முடிச்சை அவன் ஒரு கணம் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஓகினு" என்று கூப்பிட்டான்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள்.

அவன் மறுபடியும் கூப்பிட்டான்.