சுண்ணாம்பு காயாத அறை

சுவரிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்தது.

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார். மறுபடியும் மஞ்சள்.

தம்பியின் அறை அது. ஜன்னலோரம் உட்கார்ந்து இத்தனை வருடம் அவன் ஊதியதெல்லாம் இந்தச் சுவருக்குள்தான் போயிருக்கிறது.

தம்பி தவமணியை நேற்றே சாத்தூருக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. கோமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள், அவர்கள் போனதும் வந்துவிடு என்றார். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் மகள் கோமதியின் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

மாப்பிள்ளையின் அப்பா தரகரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. குடி, புகை உள்ள வீடா?

எங்கள் வாசற்படியை அதெல்லாம் மிதித்ததில்லை என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சொன்ன சொல் நிற்க வேண்டும்.

இலவம்பஞ்சு மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றினார். கட்டிலைக் கழுவிச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தினார். திரைச்சீலைகளைக் கழற்றினார். காற்றாடி இறக்கையை வினிகர் தொட்டுத் துடைத்தார். தம்பி ஏறி இறங்கிய காரின் இருக்கைகளில் சமையல் சோடாவைத் தூவிவைத்து, பிறகு தட்டிப் பெருக்கினார். அறையின் மூலைகளில் தட்டுத் தட்டாகக் காப்பித்தூள் வைத்தார். மத்தியானம் தானே மட்டையைப் பிடித்துச் சுண்ணாம்பு அடித்தார்.

அப்படியும் வாடை இருந்தது.

சாம்பிராணி போட்டார். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி.

மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“வாடைய வெரட்டச் சொன்னா எங்களையும் சேத்து வெரட்டிருவீக போலிருக்கே.”

அவர் இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அத்தை. பூவும் பழமும் வைத்த தாம்பாளம் நாற்காலியில் இருந்தது.

ஈரச் சுண்ணாம்பு உள்ளே இருந்த வாடையை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. காய்வதற்காக அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அது தப்பாகப் போயிற்று.

அத்தை எட்டிப் பார்த்தாள். கழுவிவிட்ட தரை. நிமிர்த்திச் சாத்திய கட்டில். மெத்தை இல்லை. புதுச் சுண்ணாம்பு. சாம்பிராணிப் புகை. சாவு விழுந்த வீட்டில்தான் ஓர் அறை அப்படிக் கிடக்கும்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த வீட்ல யாரும் தவறிட்டாகளா?”

அவர் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையின் அப்பா மூக்கை உறிஞ்சினார்.

“சிகரெட் வாடைல்லா வருது.”

சொல்லிவிட்டு அவருடைய உதட்டைப் பார்த்தார். பிறகு விரல் நுனிகளை.

இந்த வயது வரை அவரை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

“தம்பி ஒருத்தன் இருந்தான்” என்றார். “அவனுக்குத்தான் அந்தப் பழக்கம். தவறிட்டான்.”

காப்பித் தட்டோடு வந்த கோமதி நிலைப்படியிலேயே நின்றாள்.

“எப்போ?” என்று அத்தை கேட்டாள்.

“போன மாசம்.”

மாப்பிள்ளையின் அப்பா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். செத்தவன் பிடித்த சிகரெட்டை யாரும் குறையாக வைத்துப் பேசுவதில்லை.

“பிள்ளை குட்டி?”

“கல்யாணமே பண்ணிக்கிடல.”

“அப்போ கொள்ளி வச்சது?”

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“நான்தான்.”

அத்தை எழுந்து தாம்பாளத்தைத் துணியால் மூடினாள்.

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருக்கலாம்லா. பூவும் பழமுமா வந்து நிக்க மாட்டோமே. சரி, விடுங்க. வருசம் திரும்பட்டும். பொண்ணு எங்களுக்குத்தான். வேற எடம் பாத்துராதீக.”

கோமதியின் முகவாயைத் தொட்டாள்.

“சித்தப்பான்னா உசுரா இருந்திருக்கா. மொகத்தப் பாத்தாலே தெரியுதே.”

காப்பியை யாரும் தொடவில்லை. துக்க வீட்டில் போய்வருகிறோம் என்று சொல்லக் கூடாது. அவர்கள் சொல்லவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் ஓய்ந்தது.

மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தம் கை நழுவவில்லை. ஒரு வருடம்தான் தள்ளிப் போகிறது. பேரும் கெடவில்லை.

தவமணி இனி இந்தத் தெருவில் நடக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பும் கூடாது. கல்யாணம் ஆன பிறகு, சம்பந்தி வீடு வந்துபோகும் காலத்தில், கூடவே கூடாது.

உள்ளே செல்போன் அடித்தது.

கோமதி எடுத்தாள். கேட்டாள். பிறகு பட்டுச்சேலை சரசரக்க வந்து, செல்போனை அவர் முன்னால் நீட்டினாள்.

“சித்தப்பா. மாப்ள வீட்டுக்குப் பிடிச்சிருக்காமான்னு கேக்காக. கடைசி பஸ்ஸுக்கு வந்துரட்டான்னும் கேக்காக. நீங்களே சொல்லுங்க.”

சின்னச் செல்போனுக்குள் ஓர் இருமல் கேட்டது. அண்ணே, அண்ணே என்று கேட்டது.

கொள்ளி வைத்தவன் சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

அவர் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு குளிக்கப் போனார்.