பேரம் படியாத விளக்கு

"அக்கா, கடைசி விலை சொல்லுங்க. இன்னிக்கும் சிரிச்சு மழுப்பக் கூடாது!"

கண்ணில் மாட்டிய கருவிக்குள் விரிந்திருந்தது அந்த மாயச் சந்தை. பக்கத்துக் கடைகளில் ஜேஜே என்று கூட்டம். விளக்குக் கடைக்கு மட்டும் ஒரே ஒருத்தி. சாயங்காலம் ஐந்து அடித்தால் போதும், சொல்லி வைத்தாற்போல் வந்துவிடுவாள் இந்த மஞ்சள் குடைக்காரி.

அவள் கேட்ட பித்தளை விளக்கு இங்கே வெறும் தோற்றம்தான். நிஜ விளக்கு கடைக்காரியின் வீட்டு அலமாரியில் எரிந்துகொண்டிருந்தது.

"ஆயிரத்துக்குக் கீழ இறங்க மாட்டேன்."

"ஆயிரமா? அப்ப கரண்ட் பில்லையும் நீங்களே கட்டிருவீங்களா?"

கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நேற்று இதே நேரத்துக்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை.

"வாங்கற மூஞ்சியைப் பாரு! தினம் இதே பாட்டு."

குடைக்காரியின் குரல் திடீரென்று தணிந்தது. "சரிக்கா. ஆயிரமே தரேன்."

கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி, பேரமே பேசாம?"

"பேரம் போதும்கா. பார்சல்கூட வேணாம், நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன். அட்ரஸ் சொல்லுங்க. அப்படியே உங்க கையால ஒரு வாய் காபி..."

விளக்கு போய்விட்டால் நாளை ஐந்து மணிக்கு இவள் எதற்கு வருவாள்?

"அது... விரிசல் விட்டிருக்கு. விக்கறதுக்கில்ல."

"பரவால்லக்கா, விரிசலோடயே குடுங்க."

"இல்லைன்னா விட மாட்டியா? கிளம்பு!"

குடைக்காரி அசையாமல் நின்றாள். "நான்தான் என்னவோ நினைச்சுட்டேன்கா," என்றாள். மஞ்சள் குடை கூட்டத்தில் கரைந்தது.

கருவியைக் கழற்றினாள் கடைக்காரி. எதிரே வெறும் சுவர். போனை எடுத்தாள்.

"கடைக்கு வாடிக்கையாளரா நடிக்க ஆள் அனுப்பற கம்பெனிதானே? ஒரு மாசத்துக்குப் பணம் கட்டியிருக்கேன். பேரம் பேசணும், வாங்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? இன்னிக்கு அந்தப் பொண்ணு வாங்கியே தீருவேன்னு நிக்குது. வீட்டுக்கு வேற வரேங்குது! நாளைலேர்ந்து ஒழுங்கா நடிக்கச் சொல்லுங்க."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"மேடம், உங்க மாசம் நேத்தோட முடிஞ்சு போச்சே. இன்னிக்கு நாங்க யாரையும் அனுப்பலையே!"