அறுபது முறை பேசும் பெட்டி

“ரம்ஜானுக்கு அப்புறம் ஒரு தடவைகூடத் திறக்கலையா, அண்ணி?”

ஷாகிரா மடியிலிருந்த மாத்திரைப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குருபிரசாத்துக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்ததும் மண்ணில் மக்கிப்போகும் காகித பேட்டரியை அடையாறு ஆய்வுக்கூடத்தில் மாய்ந்து மாய்ந்து உருவாக்கியவன் அவன். அந்த பேட்டரியில் ஓடும் இந்தப் பெட்டியைத் திறந்தால், மாத்திரை போடச் சொல்லிப் பேசும். பேச்சைப் பதிந்து ஒட்டி மூடியது அவன் நண்பன் ஹம்மாத். சோதித்துப் பார்க்க முதல் பெட்டியைத் தன் மனைவி ஷாகிராவுக்கே கொடுத்திருந்தான்.

“பிரஷர் ஏறிக்கிட்டே போகுதுன்னு டாக்டர் திட்றார். நீங்க என்னடான்னா பெட்டியை ஷோகேஸ்ல வச்சு அழகு பாக்கறீங்க!”

“எத்தனை வாட்டி பேசும், தம்பி?”

“அறுபது. அப்புறம் பேட்டரி செத்துடும், பேச்சும் அழிஞ்சுடும். பூந்தொட்டியில புதைச்சா மண்ணோட மண்ணாயிடும். அதுதானே இதோட பெருமையே! கொண்டாங்க, வேலை செய்யுதான்னு பாப்போம்.”

“வேணாம் தம்பி, திறக்காதீங்க!”

அதற்குள் திறந்துவிட்டான்.

“ஷாகிரா, மாத்திரை போட்டியா? எனக்குத் தெரியும், மறந்திருப்பே!”

ஹம்மாத்தின் குரல் சிரித்து அடங்கியது.

ரம்ஜானுக்கு மறுநாள் அவனுடைய கபர் குழியில் மூன்று பிடி மண் போட்ட குருபிரசாத்தின் கை, பெட்டியை மூடியது.

“ஒரு வாட்டி வீணாப் போச்சே,” என்றாள் ஷாகிரா. பிறகு மெல்லக் கேட்டாள்.

“தம்பி, சாகாத பேட்டரி ஒண்ணு செஞ்சு இதுல போட்டுத் தருவீங்களா?”