குட்டிக்கு முதல் புல்

நாச்சிமுத்து வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து இறங்கினான். “மொத வாய் ஊட்டோணும், தாய்மாமன் நீங்க வந்தே ஆகோணும்” என்று தங்கை பூங்கொடி போனில் சொன்னபோது, அவள் மகள் யாழிசைக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போன சோறூட்டு என்றுதான் நினைத்தான். வந்து பார்த்தால் மணைமேல் சந்தனப் பொட்டோடு ஒரு ஆட்டுக்குட்டி நிற்கிறது.

“ஏம்புள்ள, ஆட்டுக்கு ஊட்டவா என்னைய ஊரு விட்டு ஊரு வரச் சொன்னே?”

“ஆமாங்ண்ணா, இதுக்குத்தான்.”

யாழிசைக்குப் பிறந்ததிலிருந்தே பால் செரிக்காது, தாய்ப்பால்கூட. இந்தக் குட்டியின் வயிற்றில் ஊறும் செரிமான நீரை அதன் விலாவில் பொருத்திய குழாய் வழியே எடுத்து, பாலில் கலந்து கொடுத்துத்தான் அவளை வளர்த்தார்கள். குட்டி பால் மட்டும் குடிக்கும்வரைதான் அந்த நீர் ஊறும். புல் தின்னத் தொடங்கினால் வயிறு மாறிவிடும். அதனால் பால் குடிக்கும் நேரம் தவிர எப்போதும் வாய்க்கூடு போட்டே வைத்திருந்தார்கள். இனி யாழிசையின் வயிறே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, போன வாரம்தான் டாக்டர் குழாயைக் கழற்றினார்.

“நம்ம பாப்பா பால் குடிக்கோணும்னு இது புல்லு ருசியே தெரியாம இருந்துச்சுங்ண்ணா.” பூங்கொடி குட்டியின் வாய்க்கூட்டைக் கழற்றினாள்.

நாச்சிமுத்து சம்மணமிட்டு உட்கார்ந்து, மடிக்கு அடங்காத குட்டியை அணைத்துக்கொண்டான். வெள்ளிக் கிண்ணத்தில் கொழுக்கட்டைப் புல்லைப் போட்டு, ஒரு நுனியை எடுத்து ஊட்டினான். குட்டி அதை வாயில் வைத்துக்கொண்டு விழித்தது. அதற்கு மெல்லத் தெரியவில்லை.

யாழிசை தத்தித் தத்தி வந்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு புல்லை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“இப்புடி” என்று மென்று காட்டினாள்.